குளிர்தான் என்று நினைத்தோம்

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கிற எல்லோருக்கும் உதடு நீலமாகத்தான் இருக்கும். அதனால் தம்பியின் உதட்டை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. "புள்ளைக்குக் குளிருது, கம்பளியப் போடு" என்பார்கள். போட்டோம். பங்குனி வெயில் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் சுள்ளென்று அடித்த ஒரு பகலில், மற்றப் பிள்ளைகள் வியர்க்க விளையாட, அவன் மட்டும் கொஞ்சம் ஓடிவிட்டுக் குந்திக்கொண்டு மூச்சு வாங்கினான். நகமெல்லாம் நீலம். அன்றைக்குத்தான் இது குளிரில்லை என்று அம்மா சொன்னாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்யாவிட்டால் தேறாது என்றார். பிறகு, "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தக்காரரோ?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து நின்றார். "ஆமாங்க ஐயா. நான் இவளுக்குச் சொந்தத் தாய்மாமன். வெளியில பொண்ணு எடுக்கலைங்க."

நல்ல குடும்பம் என்று தெரிந்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார், பாவம். டாக்டர் பேனாவை மூடினார். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சிலவேளை இப்படியும் பிறக்கும், அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்றார். அம்மா அப்போது மாசமாக இருந்தாள்.

அந்த ஆபரேஷனை இங்கே செய்ய ஆளில்லை, இந்தியாவுக்குக் கொண்டுபோங்கள் என்றார். என்ன சுலபமாகச் சொல்லிவிட்டார்! கடலைத் தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட் தர ஒரு நாடு வேண்டும். தேயிலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று, இந்த நாடு எங்களைத் தன் பிரஜைகள் இல்லை என்றது. அந்த நாடும் எங்களை ஏற்கவில்லை. அப்பா அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். எல்லா இடத்திலும் பிறகு வரச் சொன்னார்கள். அடைமழைக் காலத்தில் ஒரு நாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மா மடியிலேயே தம்பி போய்விட்டான். எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மழை விடுவதற்குள் தங்கச்சி பிறந்தாள். அவள் உதடும் நீலமாக இருந்தது. "குளிருதான்" என்றாள் மருத்துவச்சி. அந்தக் குளிரில் என் உதடும் நீலம்தான். வெயில் வந்தால் தெரிந்துவிடும் என்று அப்பா தினமும் வாசலில் நின்று மலையைப் பார்த்தார். மலையே தெரியாத மூட்டம்.

ஒரு காலையில் மூட்டம் விலகி, வெயில் எங்கள் வாசற்படிவரை வந்தது. பிள்ளையை வாங்க அப்பா கையை நீட்டினார். அம்மா அவளைக் கம்பளியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு இருட்டு மூலைக்கு நகர்ந்தாள்.

"இன்னைக்கு வேணாம் மாமா. இன்னைக்கு ஒரு நாளைக்காச்சும் குளிருன்னே இருக்கட்டும்."