டப்பாவுக்குள் இருந்த காது மிஷின்

காது மிஷின் ரிப்பேர்காரனுக்கு முதல் எதிரி வியர்வை. எழுபதுகளில் பாண்டி பஜாரில் நான் வேலை பார்த்த கடைக்கு வந்தவற்றில் பாதி, வியர்வையில் ஊறியவைதான். அந்தக் கால மிஷின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. சட்டைப் பையில் போட்டு, ஒயரை இழுத்துக் காதில் மாட்ட வேண்டும். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிக் கடைக்கு நடந்து வருவதற்குள் சட்டைப் பை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி செல் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். மிஷின் முதலில் கரகரக்கும், பிறகு மௌன விரதம்.

மயிலாப்பூர் அருளப்பன் வாத்தியார் மூன்றாவது தடவையாக அதே மிஷினோடு வந்தார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம்.

"மாதா கோயில்ல சாமியார், பொண்ணுகிட்ட சம்மதமான்னு கேப்பாருப்பா. அவ சொல்ற பதில் என் காதுல விழணும். வேற ஒண்ணும் வேணாம்."

களிம்பைச் சுரண்டிப் புது செல் போட்டேன். ஒரு டிபன் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் நீலக் கல் போன்ற சிலிகா ஜெல் பொட்டலம் வைத்துக் கொடுத்தேன். "ராத்திரி கழட்டினதும் இதுல வச்சு மூடிடுங்க சார். நீலக் கல்லு ரோஸ் ஆச்சுன்னா ஈரம் குடிச்சிடுச்சுன்னு அர்த்தம். பழைய வாணலில வறுத்தா மறுபடி நீலமாயிடும்."

இதோடு விட்டிருக்கலாம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"தூத்துக்குடி கடல் காத்து சார். வேர்வை ஒரு சொட்டு பட்டாலும் மிஷின் அவ்வளவுதான். அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

வாத்தியார் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து மகளோடும் மாப்பிள்ளையோடும் வந்தார். டப்பாவை மேஜைமேல் வைத்துப் பெருமையாகத் திறந்தார். மிஷினில் களிம்பு இல்லை. ஜெல் நீலம் மாறவில்லை.

"ஒரு சொட்டு படலப்பா. டப்பா என் மடியிலயே இருந்தது."

"கோயில்ல மாட்டிக்கலையா சார்?" என்று கத்தினேன்.

"அங்க ஃபேன் இல்லப்பா. கோட்டு வேற போட்டிருந்தேன். எப்படி வெளிய எடுக்கறது?"

எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தது. முதலாளி பில் புத்தகத்தை அக்கறையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள்: "அப்பாவுக்குக் கேக்கணும்னுதான் சார் அவ்வளவு சத்தமாச் சொன்னேன். கோயிலே சிரிச்சுது."

நான் மிஷினை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டு, ஒயரைக் காதில் மாட்டி, வால்யூமைக் கூட்டி வைத்தேன். "இப்பச் சொல்லும்மா."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, கோயிலில் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "சம்மதம், சாமி."

பஜாரில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாச் சொல்லும்மா. காது கிழியுது," என்றார் வாத்தியார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். உடனே குனிந்து, மிஷின்மேல் ஏதும் சிந்திவிட்டதா என்று பார்த்தார்.

அன்றிலிருந்து யாருக்கு மிஷின் கொடுத்தாலும், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்வேன். உள்ளே வைப்பதெல்லாம் அப்புறம்தான். முதலாளி கல்லாவிலிருந்து எழுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.