மூன்று கதிர்களும் ஓர் இருமலும்

மண்டியில் விரித்துப் போட்ட ஆட்டுத்தோலின் நடுவில் ஒரு மடிப்பு தெரிந்தது. கையால் நீவிப் பார்த்தேன். தோல் தட்டையாக இருந்தது. மறுபடி பார்த்தபோது மடிப்பு அங்கேயே இருந்தது.

திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்த்தே வயதானவன் நான். கை சொன்னதைத்தான் நம்பினேன். கண்புரை என்று நினைத்து நாள் கடத்தியதில் இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது வலது கண்.

ஈரவகை மாகுலா சிதைவு என்றார் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா (மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. முதுமையில் அதனடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவதே இந்நோய்). மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கசிவு வற்றும். ஊசி கொஞ்சம் தள்ளிப்போனால் மறுபடி ஊறிவிடும்.

"ஊசியோட, ஒரே ஒரு தடவ கதிர்வீச்சும் குடுத்துப் பாக்கலாம். சென்னையில ஆய்வு முறையில குடுக்குறாங்க. போன பார்வை திரும்பாது. ஊசி குறையலாம். ஆனா சில வருஷம் கழிச்சு நல்ல ரத்தக்குழாயையும் அது கெடுக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

வீட்டில் என் மனைவி பாத்திமா கேட்டாள்: "கதிர்னா கரண்டு வைக்கிறதுதான? அது கேன்சருக்குல்ல? இருக்குறது ஒத்தக் கண்ணு. அதுலயா சோதிச்சுப் பாக்கணும்?"

"சும்மா இருந்தாலும் போயிரும்மா," என்றாள் மகள் ரெஹானா.

இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்ததுதான் கஷ்டம். அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரம்மாவின் மூக்கு இருந்த இடத்தில் சாம்பல் திட்டு தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "சென்னைக்குப் போறேன்," என்றேன். பாத்திமா துணி எடுத்து வைத்தாள்.

எனக்கு அடிக்கடி இருமல் வரும். சென்னையில் கதிர் கொடுத்த அன்று, இருமினால் கண் அசைந்துவிடுமே என்று நோயைவிட அதற்குத்தான் பயந்தேன். தலையைப் பட்டையால் கட்டினார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, விழி அசையாமல் பிடிக்கும் ஒரு லென்ஸைப் பொருத்தினார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மூன்று கதிர்கள் போகும் என்று விளக்கிவிட்டு, அறையிலிருந்து எல்லாரும் வெளியேறினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதல் கதிர் வலிக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தொடங்கியதும் தொண்டையில் அரித்தது. எச்சிலை விழுங்கினேன். அடங்கவில்லை. இருமிவிட்டேன்.

இயந்திரத்தின் முனகல் நின்றது. கண் வெந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஒண்ணும் ஆகல ஐயா," என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. "கண்ணு அசைஞ்சா மெஷின் தானா நின்னுரும். மறுபடி சரி பண்ணி மிச்சத்தக் குடுத்துருவோம். தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். மிச்சத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு ஓ.சி.டி. எடுக்கும்போதும் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுப்பது) மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கசிவு மெல்லக் குறைந்தது. ஊசிகளின் இடைவெளி நீண்டது. நின்றுவிடவில்லை. சாம்பல் திட்டும் போகவில்லை. இதைப் படிப்பவர் யாருக்காவது நேர்கோடு வளைந்து தெரிந்தால், என்னைப் போல் காத்திருக்காதீர்கள்.

கதிர்வீச்சின் கெடுதல் வருடங்கள் கழித்து வரலாம் என்று டாக்டரம்மா மறுபடி நினைவூட்டினார். முன்பு என்னைப் பயமுறுத்திய பேச்சுதான். இந்த முறை, அத்தனை வருடம் நான் இருப்பேன் என்று இவர் எண்ணுகிறாரே என்று தோன்றியது.

நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவர் மறைந்துவிடுகிறார். சற்றுத் தள்ளிப் பார்க்கக் கழுத்து தானாகவே பழகிவிட்டது. நேற்று சாப்பிடும்போது பாத்திமா கேட்டாள்:

"எதுக்கு என் காதையே பாக்குறீங்க?"

"காதப் பாத்தாத்தான் ஒம் மூஞ்சி தெரியுது."

அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் படும்படி நகர்ந்து உட்கார்ந்தாள்.