எருமையோடு பேசிய சாலம்மாள்

இண்டூர்க்காரர்கள் சாலம்மாளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் புழக்கடையில் காய்க்கும் அவரையின் ருசி சுற்றுப்பட்டில் எங்கும் கிடையாது என்பது ஒன்று. பாவம், புத்தி பேதலித்துப்போய் எருமையோடு பேசிக்கொண்டிருப்பாள் என்பது இன்னொன்று. முதலாவது சத்தியம். இரண்டாவது எவ்வளவு பெரிய பொய் என்பது அந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி. சாலம்மாளின் புருஷன் பச்சியப்பனுக்கு ஊர் ஓரத்தில் கொஞ்சம் ராகிக் கொல்லை இருந்தது. அது அவனுடைய ராஜ்யம். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியும் அதைச் சுற்றிய புழக்கடையும் அவளுடைய ராஜ்யம். பந்தலில் அவரை, கூரையில் சுரை, குப்பைமேட்டில் பூசணி, கிணற்று வாய்க்கால் ஓரம் கத்தரியும் மிளகாயும். வடக்குப் பக்கம் கிளுவை முள்வேலி. அந்த வேலிக்கு அப்பால் கிருஷ்ணப்பன் வீடு. அவன் மனைவி தீர்த்தம்மாள், சாலம்மாளைவிட வயதில் இளையவள்.

புரட்டாசியில் முதல் மழை இறங்கி மண் ஈரம் காய்வதற்குள் தெருப் பெண்கள் எல்லாரும் சாலம்மாளின் புழக்கடைக்கு வந்துவிடுவார்கள். ஆடியில் போட்ட விதையில் முளைக்காமல் போன இடங்களில் மறுவிதை போடும் நேரம் அது. கைராசி உள்ள ஒருத்தியின் கையால் விதை வாங்கிப் போட்டால் கொடி பொய்க்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கை, சாலம்மாளின் கை. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் சுரைக்குடுக்கையை அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் நிற்பாள். ஒவ்வொருத்தியும் முந்தானையை ஏந்த, அவரை விதையை அள்ளிப் போடுவாள். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்தார்களானால் பேச்சு ஓயாது.

"சாலக்கா, போன வருசம் எங்க பொடலங்கா பூரா சுருட்டிக்கிச்சுங்க" என்பாள் தீர்த்தம்மாள்.

"பிஞ்சு நுனியில கல்லு கட்டினியா?"

"கட்டினேங்க்கா. காயி அறுந்தே வுழுந்துடுச்சு."

"கல்லு கட்டினியா, அம்மிக் குழவியக் கட்டினியாடி?" என்று குறுக்கே பாய்வாள் குள்ளம்மாள். தெருவிலேயே வாய்க்காரி அவள்தான். கிணற்றடியே சிரிப்பில் அதிரும்.

"ஏ, அங்க பாரு, அந்தப் பூசணிப் பிஞ்சு எவ்ளோ அழகா இருக்குது!"

"விரல நீட்டாதடி! அழுவிப் போயிடும்!"

பிஞ்சுக் காயை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகி விழுந்துவிடும் என்று அந்தப் பெண்கள் விரல்களை மடக்கிக்கொண்டு முட்டியால்தான் காட்டுவார்கள். ஒரு பிஞ்சின் மேல் அவ்வளவு இரக்கம் அவர்களுக்கு.

"என் பொண்டாட்டி கையில துருப்புடிச்ச ஆணியக் குடுத்தாக்கூட மொளைக்க வச்சிடுவா" என்று பச்சியப்பன் கிண்டல் செய்வான். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். எதையும் முளைக்கவைக்கும் அந்தக் கை ஒரு தொட்டிலை ஆட்டியதில்லை. அந்தக் குறையைக்கூட அந்தக் கிணற்றடிச் சிரிப்பில் அவள் மறந்திருந்தாள்.

ஒகேனக்கல் காட்டில் மூங்கில் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று போன பச்சியப்பன் மலைக்காய்ச்சலோடு திரும்பினான். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் நடுங்கியபடி, "அவரை பூத்துடுச்சா?" என்று கேட்டான்.

"பூத்துடுச்சுங்க."

"காய்ச்சதும் எழுப்பு" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவரை காய்த்தது. எழுப்புவதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த புரட்டாசி வந்தது. முதல் மழையும் வந்தது. சாலம்மாள் கிணற்றடியைப் பெருக்கித் தெளித்தாள். குடுக்கையை இறக்கித் துடைத்தாள். படலைத் திறந்துவைத்துவிட்டு நின்றாள். வெயில் ஏறியது. ஒருத்தியும் வரவில்லை. தெருவின் மறுகோடியில் குள்ளம்மாள் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். போன வருஷம்வரை அது அவள் வீட்டுச் சிரிப்பு.

மத்தியானம் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றில் குள்ளம்மாளே வாய் திறந்தாள்.

"தப்பா எடுத்துக்காத சாலா. வெதை குடுக்குற கை மஞ்ச பூசுன கையா இருக்கோணும். எங்க வூட்லயும் ஆம்பளைங்க இருக்காங்க, பாரு."

அதைச் சொல்லும்போது அவள் விரலை நீட்டியே பேசினாள். பூசணிப் பிஞ்சுக்கு மடங்கிய விரல், ஒரு மனுஷிக்கு மடங்கவில்லை! பக்கத்தில் குடத்தோடு நின்ற தீர்த்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து வேலியோரம் சாலம்மாள் வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்த முகத்தில் வெறுப்பு இல்லை. பயம் இருந்தது. வெறுப்பையாவது எதிர்த்து நிற்கலாம். பயத்தை என்ன செய்வது?

அந்த வருஷம் அவரை என்றுமில்லாதபடி காய்த்துத் தள்ளியது. யாருக்குக் கொடுப்பது? சாலம்மாள் ஒற்றை ஆளாக ஆக்கினாள், ஒற்றை ஆளாகத் தின்றாள், மீதியை எருமைக்குப் போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்துவைப்பாள். தன்னுடைய குரல் எப்படியிருக்கும் என்பதே சில நாட்களில் அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒருநாள் உச்சி வெயிலில் வேலிக்கு அப்பால் தீர்த்தம்மாள் தன் அவரைக்கொடியில் சாம்பல் தூவிக்கொண்டிருப்பதைக் கண்டாள். கொழுந்தெல்லாம் கறுப்புச் செடிப்பேன் அப்பியிருந்தது. வெயிலில் தூவினால் சாம்பல் இலையில் நிற்காது. சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் தீர்த்தம்மாள் புழக்கடையில் குள்ளம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சாலம்மாள் சட்டென்று திரும்பித் தன் எருமையைப் பார்த்தாள்.

"ஏ கருப்பி! உச்சி வெயில்ல சாம்பலத் தூவினா பேனு சாவுமா? காத்துலதான் போவும். விடியால பனி ஈரத்துல, சல்லடையில சலிச்சுத் தூவணும். அப்பத்தான் எலையில ஒட்டும். உனக்கெங்க இது தெரியப்போவுது, தின்னத்தானே நீ லாயக்கு!"

கருப்பி அசை போட்டபடி அவளைப் பார்த்தது.

"பாத்தியா, எருமைக்குப் புத்தி சொல்லுது. மண்டை கலங்கிடுச்சு" என்றாள் குள்ளம்மாள், வேலிக்கு அப்பால்.

மறுநாள் விடியற்காலையில் சாலம்மாள் சாணி அள்ள வந்தபோது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து சல்லடை தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. சாணிக்கூடையை வைத்துவிட்டு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த மேளச் சத்தமும் அவளுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏ செவலக்கோழி! கொடி எலையாத் தழைச்சிக் கெடக்குது, ஒரு பூவக் காணோம். நான் என்னாத்தப் பண்ணுவேன்? நீயாச்சும் சொல்லக்கூடாதா?"

சாலம்மாளின் கையிலிருந்த கயிறு நழுவி, சேந்திய குடம் கிணற்றுக்குள் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எருமையிடம் ஓடினாள்.

"கருப்பி! நீ தின்னு கொழுத்து சும்மா கெடக்குற மாதிரிதான் சில கொடியும். கொழுந்தக் கிள்ளி வுடணும். எலையக் கழிக்கணும். தண்ணியக் கொறைச்சிப் பட்டினி போட்டாத்தான் பூக்கும். தெரிஞ்சுதா?"

இப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. ஈர மண்ணில் பூசணி அழுகாமல் இருக்க அடியில் வைக்கோல் பரப்புவதும், மிளகாய்க்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவதும் எருமைக்குச் சொல்லப்பட்டன. கத்தரியில் புழு விழுந்ததும், எலி சுரை விதையைத் தோண்டித் தின்றதும் கோழிக்குச் சொல்லப்பட்டன. ஊர், இருவரில் ஒருத்தியைப் பைத்தியம் என்றது. மற்றவளைக் கோழிமேல் ஆசை கொண்டவள் என்றது.

விதையை என்ன செய்வது? அதற்கும் சாலம்மாள் வழி கண்டாள். தன் அவரையில் ஒரு கொடியைப் பிரித்து வேலிமேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறங்கவிட்டாள். வேலி தாண்டிக் காய்த்தது அந்தப் பக்கத்துக்காரருக்கு என்பது ஊர் வழக்கம். அதில் கொடுத்த கை இல்லை. கை இல்லாவிட்டால் தோஷமும் இல்லை. அங்கே தொங்கிய காயைத் தீர்த்தம்மாள் பறித்தாள். முற்றியதை விதைக்கு எடுத்தாள். அடுத்த புரட்டாசியில் தெருப் பெண்கள் தீர்த்தம்மாளிடம் முந்தானை ஏந்தினார்கள். "உன் கை ராசியான கைடி" என்று குள்ளம்மாளே மெச்சினாள். வேலிக்கு இப்பால் நின்று அதைக் கேட்ட சாலம்மாள் கருப்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது எருமையின் கழுத்து நனைந்திருந்தது.

தெருவெங்கும் அவளுடைய அவரைக்கொடி படர்ந்திருந்தது. அவள் வீட்டுக்குத்தான் யாரும் வரவில்லை. சண்டைக் காலம் வந்து மண்ணெண்ணெய் அரிதாகி, பொழுது சாய்ந்ததும் வீடு இருண்டுபோகும். அந்த இருட்டில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஒருத்தி, யாராவது ஒருத்தி, கோழியைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவேண்டும். தன் கையால் ஒரு பிடி விதை வாங்கவேண்டும். சாவதற்குள் அது நடக்குமா?

ஓர் ஆவணியில், தன் ராகிக் கொல்லை வரப்பில் கிருஷ்ணப்பனைப் பாம்பு கடித்தது. அரூரில் வைத்தியன் இருக்கிறான் என்று வண்டி கட்டினார்கள். வண்டி பாதி வழியில் திரும்பியது.

துக்க வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால், கூரை ஓரமாக, சாலம்மாள் நின்றிருந்தாள். அழுகை சற்று ஓய்ந்த இடைவெளியில் குள்ளம்மாளின் கண் வேலியில் தொங்கிய கொடியின்மேல் விழுந்தது.

"அடிப்பாவி! இது அவ வூட்டுக் கொடியில்ல? இதையா இத்தன வருசமா ஆக்கித் தின்ன? வேற என்ன ஆவும்?"

தீர்த்தம்மாள் தலைநிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். அப்புறம் சாலம்மாளைப் பார்த்தாள். சாலம்மாள் அங்கே நிற்க மாட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஐயோ, நான் தொணை வேணும்னுதானே கேட்டேன்! இப்படி ஒரு தொணையவா கேட்டேன்?" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

அதன்பிறகு செவலைக்கோழியோடு யாரும் பேசவில்லை. சாலம்மாளும் எருமையிடம் வாய் திறக்கவில்லை. அந்தக் கொடி கண்ணில் படும்போதெல்லாம் தீர்த்தம்மாளுக்கு வயிறு எரியுமே என்று நினைத்து, வேரோடு அறுத்துவிட அரிவாளை எடுத்துக்கொண்டு போவாள். கொடியில் மொட்டு எட்டிப்பார்க்கும் சமயம். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிவருவாள்.

புரட்டாசி மழை இறங்கியது. மறுநாள் காலை, தெருப் பெண்கள் பேசிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தீர்த்தம்மாள் வீட்டு வாசலில் நிற்காமல் கடந்துபோயிற்று. காலி வாசலில் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை அந்த ஊரில் சாலம்மாளைவிட அறிந்தவர் யார்?

சற்று நேரத்தில் வேலிக்கு அப்பால் வெட்டும் சத்தம் எழுந்தது. சடக், சடக் என்று அரிவாள் விழுந்தது. வேலி குலுங்கியது. கொடி நடுங்கியது.

'வெட்டட்டும். அவளுக்கு ஆறுதலாக இருக்குமானால் வெட்டட்டும்' என்று நினைத்து, சாலம்மாள் கருப்பியின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அக்கா!"

அவள் அசையவில்லை. காது பொய் சொல்கிறது என்று நினைத்தாள்.

"அக்கா, உங்களத்தான்! கொடியக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. கிளுவையோட சேந்து அறுந்துடப்போவுது!"

சாலம்மாள் கண்ணைத் திறந்தாள். தீர்த்தம்மாள் வெட்டியது கொடியை அல்ல, வேலியை. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு முள்ளை வெட்டி ஒதுக்கியிருந்தாள். பொட்டில்லாத நெற்றியில் வியர்வை. வளையலில்லாத கையில் முள் கீறிய ரத்தம். அவள் கோழியைப் பார்க்கவில்லை, சாலம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"குள்ளம்மாக்கா என்னமோ சொல்லுச்சு. நான் அத நம்பலங்க்கா. பாம்பு கடிச்சதுக்கு அவரை என்ன பண்ணும்? உங்க வூட்டுப் படலத் தாண்டி அன்னிக்கே வந்திருக்கணும். பயந்துக்கிட்டு இருந்துட்டேன். இப்ப பயப்படறதுக்கு என்கிட்ட என்னா இருக்குது?" அரிவாளைக் கீழே போட்டாள். "கோழிகிட்டப் பேசிப் பேசி எனக்கும் அலுத்துப்போச்சுக்கா."

சாலம்மாள் ஓடிப்போய்க் கொடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லவேண்டும். பழக்கதோஷத்தில் தலை எருமைப் பக்கம் திரும்பியது. "ஏ கருப்..." என்று தொடங்கி நிறுத்தினாள். கொடியை மெதுவாக இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனாள். அடுப்புக்கு மேல் தொங்கிய குடுக்கையோடு திரும்பி வந்தாள்.

தீர்த்தம்மாள் முந்தானையை ஏந்தினாள். பழுப்பேறிய வெள்ளை முந்தானை. சாலம்மாள் விதையை அள்ளி அள்ளிப் போட்டாள். விதைகள் சில வெட்டிப்போட்ட முள்ளுக்கிடையில் சிதறின.

"ஆழமாப் போடாத தீர்த்தம்மா" என்றாள். "மழைக்கு அழுவிப்போவும். ரெண்டு விரக்கடை போதும்."

"தெரியுங்க்கா" என்றாள் தீர்த்தம்மாள். "போன வருசமே கருப்பிகிட்டச் சொன்னீங்களே."