அடியில் கிடந்த கொப்பி

நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் மூன்று வருடம் இருந்ததில்லை. இணுவிலில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினேன். கொடிகாமம் சந்தையில் மூட்டை இறக்கினேன். போன வருடம் வடகரையில் ஒரு மீன்வாடியில் ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் கெளிற்று முள் என் வலது கால் பெருவிரலில் ஏறியது. எனக்குச் சீனி வருத்தம், புண் ஆறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டினால் விரல் தப்பும், விட்டால் வெட்ட வேண்டிவரும் என்று அவ்வூர் அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மற்ற எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. கட்டடம் புதிது, மாடி வைத்தது. உள்ளே ஆள் இல்லை. மருந்து கொடுப்பவர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அதனால் புண்ணுக்கு மருந்து கட்டும் தாதியே பதினொரு மணிக்குத் தன் அறையைப் பூட்டிவிட்டு மருந்து யன்னலுக்கு ஓடவேண்டும். அதற்கு முன் டொக்டர் பார்த்துத் துண்டு எழுதித் தந்தால் எனக்குக் கட்டு. இல்லையென்றால் நாளைக்கு.

நான் ஐந்து மணிக்கே போய் சனம் இருக்கும் வாசல் வாங்கில், டொக்டர் வருத்தமும் மருந்தும் எழுதும் என் கொப்பியை வைப்பேன். பின்னால் வருகிறவர்கள் அதன்மேல் தங்கள் கொப்பிகளை அடுக்குவார்கள். எட்டு மணிக்கு வரும் சிற்றூழியர் அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேலிருந்து கூப்பிடுவார். கடைசியாக வந்தவருக்கு முதலிடம். எனக்குப் பன்னிரண்டு மணி.

மூன்றாம் முறை பொறுக்கமுடியாமல் அவரிடமே கேட்டேன்.

"தம்பி, அடியிலை கிடக்கிறதுதான் முதல் வந்த கொப்பி. அடுக்கைப் பிரட்டிப்போட்டுக் கூப்பிடுமன்."

"பிரட்டினா மேலை இருக்கிற சனம் என்னைத் திண்டுபோடும், அண்ணை. நீங்கள் பிந்தி வாங்கோவன்."

பக்கத்தில் நின்ற மீன்காரி சிரித்தாள். "உவர் ஊருக்குப் புதுசு. ஐஸிலை போட்ட மீன் மாதிரி விடியமுன்னம் வந்து கிடக்கிறார்."

அன்றுதான் புரிந்தது. ஊருக்கே இது தெரியும். எல்லாரும் எதிரேயிருந்த தேத்தண்ணிக்கடையில் பதுங்கியிருந்து, எட்டு மணி அடிக்கக் கிட்ட ஓடிவந்து கொப்பியை மேலே வைக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படியே செய்யத் தொடங்கினேன். நொண்டிக்கொண்டு ஓடினேன். சில நாள் கட்டுக் கிடைத்தது. புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவந்து வந்தது.

ஒரு நாள் ஏழரை மணிக்கு வெள்ளை வாகனம் ஒன்று வந்தது. மேலிடத்து ஆட்கள் மூன்று பேர் இறங்கி உள்ளே போனார்கள். ஒருவர் வெறும் வாங்குகளைப் படம் எடுத்தார். நாங்கள் முப்பது பேருக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆரும் போய்ச் சொல்லுங்கோவன், சனம் இஞ்சை நிக்குதெண்டு," என்றாள் மீன்காரி.

"நீ போவன், அக்கா," என்றார் கடைக்காரர்.

"ஏன், என்ரை கொப்பி அடியிலை போகவோ?"

யாரும் அசையவில்லை. நானும்தான். பத்து நிமிடத்தில் வாகனம் போய்விட்டது. பதிவுப் புத்தகத்தைத் திறந்திருந்தால் எங்கள் பெயர் முழுவதும் அதில் இருந்திருக்கும். அதைத் திறக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

அடுத்த மாதம் கதவில் தாள் ஒட்டினார்கள். நோயாளர் வரவு குறைவாகையால் டொக்டர் இனிச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தானாம். மற்ற நாட்களில் வேறு ஆஸ்பத்திரி. இரண்டு நாளில் ஐந்து நாள் சனம் முண்டியடித்தது. நான் நாலு முறை போய், நாலு முறையும் தாதியின் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பினேன். பஸ் ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று போகாமல் இருந்தேன். அது என் பிழை. மற்றது என் பிழை இல்லை.

விரல் கறுத்த பிறகுதான் அங்கே போனேன். வெட்டி எடுத்தார்கள். மறுநாள் வந்த டொக்டர் சத்தம் போட்டார்.

"உவ்வளவு காலமும் என்ன செய்தனீர்? பக்கத்திலை ஆஸ்பத்திரி இல்லையே?"

"இருக்கு," என்றேன்.

அவர் என் கொப்பியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்ன எழுதினார் என்று அங்கிருந்த தாதியிடம் கேட்டேன்.

"கவனியாமல் விட்டிட்டீங்கள் எண்டு."

"ஆர் விட்டது? அதை அழிக்கச் சொல்லும், பிள்ளை."

"டொக்டர் எழுதினதை அழிக்கேலாது, அண்ணை."

"அப்ப, அறை பூட்டிக் கிடந்ததெண்டு கீழை எழுதும்."

"நான் அப்படியெல்லாம் எழுதேலாது."

அவள் கையில் இருந்த பேனையை வாங்கினேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஏழாம் வகுப்போடு விட்டவன். ஆனாலும் டொக்டரின் வரிக்குக் கீழே, தமிழில், அறை பூட்டிக் கிடந்த நாலு நாளையும் கிழமையோடு எழுதினேன். நாலுக்கும் பக்கத்தில் 'நான் போனேன்' என்று போட்டேன்.

தாதி நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு பேனையை வாங்கிக்கொண்டு காய்ச்சல் பார்க்கப் போனாள்.