தலையில கவிழ்ந்த தயிர்ச் சட்டி

இது நடந்தது நான் கம்பஸ் கடைசி வருசம் படிச்ச நேரம், காதலர் தினத்தண்டு, வெல்லாவெளியில ஒரு வீட்டு முத்தத்து மாமரத்தடியில. அந்த வீட்டுப் பொடியன் என்ட பட்ச். நான் மட்டக்களப்பு டவுன், அவன் வாவிக்கு அங்கால படுவான்கரை. எருமை வளக்கிற குடும்பம். அவன்ட அப்பா முக்காவாசி நேரம் எருமைப் பட்டியிலதான் கிடப்பார், வீட்டில அம்மாவும் அவனும் மட்டும்.

முதல்ல ஒண்டு சொல்லோணும். இவனுக்கு சொக்கிலேட் ஒத்துக்காது. ஒரு துண்டு வாயில வச்சா காணும், பின்னேரம் தலையிடி வந்து லைட்ட ஓஃப் பண்ணிட்டுப் படுத்திருவான். அது தெரியாம முதல் வருசக் காதலர் தினத்துக்கு நான் பெரிய பெட்டி ஒண்டு வாங்கிக் குடுத்தன். அவனும் வாயத் திறக்காம அத ஸ்கூட்டி சீட்டுக்குள்ள வச்சிட்டு லெக்சருக்குப் போயிட்டான். வெயிலுக்க நிண்ட ஸ்கூட்டி. வந்து திறந்தா பெட்டிக்குள்ள சேறு. என்ட முகம் போன போக்கப் பாத்திட்டு அந்தச் சேத்தையும் விரலால வழிச்சுத் திண்டான், மறுகா ரெண்டு நாள் லெக்சர் பக்கமே வரல்ல. அதோட எங்கட காதலர் தினத்துக்கு சொக்கிலேட் தடை.

சரி, கடைசி வருசத்துக்கு வாறன். கம்பஸ் முடியப் போகுது எண்டா ரெண்டு வீட்டிலயும் கதைக்கோணும்தானே. எங்கட வீட்டில அம்மா கொஞ்ச நாள் முகத்த நீட்டிக்கொண்டு திரிஞ்சிட்டு ஓம் எண்டுட்டா. அவன்ட அம்மாதான் பிடி குடுக்கல்ல. சாதகம் சீதனம் ஒண்டும் இல்ல, வேற விசயம். எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்புளை வீட்டுக்குப் போய் இருக்கிறது. மகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு மருமகன் வருவான், கணக்கு சரியாப் போயிரும். அவன்ட அம்மாக்கு மகள் இல்ல. இவன் ஒருத்தன்தான். இவன் டவுனுக்கு எங்கட வீட்டுக்கு வந்தா, அந்த வீட்டுக்கு வாறதுக்கு ஆள் இல்ல. அதனால அவ உள்ளூருக்குள்ளயே, நாலு வளவு தள்ளி ஒரு பெட்டையப் பாத்து வச்சிருந்தா. மகன் காலையில சைக்கிள்ல வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற தூரம்.

நான் அப்ப அதையெல்லாம் ஆழமா யோசிக்கல்ல. மனிசிக்கு என்னப் பிடிக்கல்ல, பிடிக்க வைக்கோணும், அவ்வளவுதான்.

ஒரு நாள் கன்டீன்ல வச்சு இவன் சொல்றான், "அம்மா உன்னப் பாக்கோணுமாம். ஞாயிறு கூட்டிட்டு வரட்டாம்."

ஃபோன எடுத்துப் பாத்தா அந்த ஞாயிறு காதலர் தினம். எனக்கு அப்பவே தலை சுத்திட்டு. காதலர் தினத்துக்கு ஏதாவது இனிப்பு நானே செஞ்சு, அத அவங்கட வீட்டுக்கே கொண்டு போய், ஒரே கல்லில ரெண்டு மாங்கா அடிக்கிற பிளான்.

"பிஸ்கட் பெட்டி ஒண்டு வாங்கிட்டு வா, காணும்" எண்டான்.

"காதலர் தினத்துக்கு பிஸ்கட்டா. போடா."

அந்தக் கிழமை எங்கட குசினி பட்ட பாடு இருக்கே. முதல் வட்டிலப்பம், முட்டையும் கருப்பட்டியும் சேத்து அவிக்கிற இனிப்பு. காத்தான்குடி பட்ச்மேட் ஒருத்திட உம்மா வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா, கித்துள் கருப்பட்டியக் கரைச்சு வடி, மூடிக்குத் துணி கட்டு, சின்ன நெருப்பில அவி எண்டு. நான் பொறுமை இல்லாத ஆள், கேஸைக் கூட்டி விட்டுட்டன். வந்தது முழுக்க ஓட்டை. பட்ச்மேட்டுக்கு ஃபோட்டோ அனுப்பினன். "இதால சட்டி கழுவலாம்டி" எண்டு பதில் வந்துது. அடுத்து கடற்பாசி ஜெலி. ரோஸ் கலர் போட்டு இதய வடிவில வெட்டினன். என்ட தம்பி ஒண்டத் தூக்கி மணந்து பாத்திட்டு, "அக்கா, குளிக்கிறதுக்கா?" எண்டான். மூண்டாவது கெரமல் புட்டிங். அது உண்மையில நல்லா வந்துது, ஆனா அந்த வெயிலில பஸ்ஸில போய்ச் சேருமோ? வழியிலயே தண்ணியாப் போயிரும்.

அப்பதான் தயிர் ஐடியா வந்துது. தயிருக்கு ஃபிரிட்ஜ் தேவையில்ல, மண் சட்டியே அதக் குளிரா வச்சிருக்கும். ஆனா சும்மா தயிர் கொண்டு போனா என்ட கெட்டித்தனம் எங்க? எருமைப் பாலக் காய்ச்சி, டின் பால் கலந்து, புட்டிங்குக்குக் கெரமல் ஊத்துற மாதிரி சட்டிக்கு அடியிலயும் சுத்திவரவும் தேன் மாதிரி வழியிற கித்துள் பாணியத் தடவி, அதுக்கு மேல பால ஊத்தி உறைய வச்சன். இப்படி ஒரு சாமான உலகத்தில ஆரும் செஞ்சிருக்க மாட்டாங்க எண்டு எனக்கு ஒரே பெருமை. விடியப் பாத்தா சும்மா கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. மேல கஜுப் பருப்பால ஒரு இதயம் வச்சு, ரிஷூ பேப்பர் போட்டு மூடி, என்ட ஷோலால கட்டினன்.

பஸ்ஸில குருமண்வெளி மட்டும் போய், அங்க இருந்து பாதை. பாதை எண்டா எங்கட ஊரில வாவிக்கு குறுக்கால ஆளையும் பைக்கையும் ஏத்திட்டுப் போற பெரிய மிதவை. சட்டிய மடியில வச்சுக்கொண்டு ஓரமா குந்திட்டன். காத்து மூஞ்சியில அடிக்குது, எஞ்சின் சத்தம் ஒரு தாளத்தில போகுது, தூரத்தில ஆரோ வலை எறியிறாங்க. நான் ஷோல் முடிச்ச இறுக்கி இறுக்கிப் பாக்கிறன். பக்கத்தில சைக்கிளோட நிண்ட ஒரு மாமா சட்டியப் பாத்தார்.

"என்ன பிள்ளை, தயிரா?"

"ஓம்."

"படுவான்கரையில இருந்து தயிர் டவுனுக்குப் போறதப் பாத்திருக்கன். டவுனில இருந்து தயிர் இஞ்சால வாறத இண்டைக்குத்தான் பாக்கிறன்."

சுத்தி நிண்ட சனமெல்லாம் சிரிக்குது. எனக்கு அப்பதான் உறைச்சுது, நான் எருமை வளக்கிற வீட்டுக்குத் தயிர் கொண்டு போறன் எண்டு. ஆனா வாவி நடுவில நிண்டுகொண்டு என்ன செய்யிற?

மண்டூரில இவன் ஸ்கூட்டியோட நிண்டான். வீட்டுக்குப் போனா அவன்ட அம்மா வாசல்லயே நிக்கிறா. சின்ன மனிசி, இறுக்கிக் கட்டின கொண்டை. "வாங்க பிள்ளை" எண்டா, கதிரையக் காட்டினா, சோடா தந்தா. அவ இருக்கல்ல, விறாந்தைத் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. முத்தத்தில மாமர நிழலில நானும், ஒரு சின்னப் பலகைக் கட்டையில இவனும்.

"உங்கட அம்மா அப்பா சுகமா?"

"சுகம் அன்ரி."

"வீடு சொந்த வீடா?"

"ஓம் அன்ரி."

"அது ஆருக்கு?"

"எனக்குத்தான் அன்ரி."

"அப்ப இவன் அங்கதான்."

நான் வாய்க்குள்ள ஓம் எண்டன். அவ என்ட சோடாக் கிளாஸ் முடிஞ்சுதா எண்டு பாத்தா. இவன் நிலத்தப் பாத்துக்கொண்டு இருக்கான். இப்படியே விட்டா சோடாவக் குடிச்சிட்டு எழும்பிப் போறதுதான், இந்தக் கதை இதோட முடிஞ்சிரும் எண்டு எனக்கு விளங்கிட்டு.

எனக்குப் பயம் வந்தா வாய் கூடும், கையும் கூடும். எங்கட பக்கத்தில தயிர் விக்கிற ஆக்கள் சட்டியத் தலைகீழாக் கவிழ்த்துக் காட்டுவாங்க, நல்ல எருமைத் தயிர் விழாது. நானும் தம்பிட தலைக்கு மேல கனதரம் கவிழ்த்துப் பயங்காட்டியிருக்கன், ஒருக்காலும் விழுந்ததில்ல. சட்டிய அவிழ்த்துத் தூக்கிட்டு நேரா இவன்ட தலைக்கு மேல போனன்.

"அன்ரி, பாருங்க, டவுன்காரி போட்ட தயிர்."

"ஏய், சும்மா இரு" எண்டான் இவன்.

"பயந்தாங்கொள்ளி. அசையாத."

கவிழ்த்தன். ஒண்டும் நடக்கல்ல. நான் அன்ரியப் பாத்துப் பெருமையா ஒரு சிரிப்பு சிரிச்சன். அந்தச் சிரிப்பு முடியிறதுக்குள்ள, ளொப் எண்டு ஒரு சத்தம்.

முழுத் தயிரும். ஒரு துண்டு மிச்சமில்லாம தொப்பி மாதிரி தலையில இருந்து, மறுகா ரெண்டாப் பிளந்து தோளில வழியுது. அதுக்குப் பின்னால பாணி, சாவகாசமா, நெத்தியில இருந்து மூக்குக்கு இறங்குது. கஜு ஒண்டு காதில ஒட்டியிருக்கு. அந்த நேரம்தான் மூளை வேலை செஞ்சுது. தயிரப் பிடிச்சு வச்சிருக்கிறது மண் சட்டி, நான் ரெண்டுக்கும் நடுவால பாணியப் பூசி வழுக்க விட்டிருக்கன்.

செத்தன் எண்டு நினைச்சன். திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. பாத்தா, மனிசி முந்தானைய வாயில பொத்திக்கொண்டு நிக்கிறா, தோள் குலுங்குது. அழுறாவோ எண்டு பாத்தா சிரிக்கிறா. நிக்க ஏலாம நிலத்தில குந்திட்டா.

"டேய், எங்கட எரும கூட உன்ன ஒருநாளும் இந்தக் கோலம் பண்ணல்லயேடா."

"அம்மா, கண்ணுக்க போகுது."

எழும்பி வந்தா, அவன்ட காதடியில விரலால வழிச்சு வாயில வச்சுப் பாத்தா. "இனிப்புக் கூட. ஆனா நல்லா உறைஞ்சிரிக்கி" எண்டா. மறுகா என்னப் பாத்து, "நிக்காம அந்தத் துவாய எடுத்திட்டு வாகா" எண்டா. "வாங்க" போய், வீட்டுப் பெட்டையக் கூப்பிடுற "வாகா" வந்திட்டு.

கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனம். எறும்பு வேற மொய்க்கத் தொடங்கிட்டு. "நான் கழுவுறன் விடம்மா" எண்டான் இவன். "குந்துடா" எண்டா. குந்திட்டான். அவ வாளியால அள்ளி ஊத்தி, சம்பூ போட்டு, காதுக்குப் பின்னால, பிடரியில எல்லாம் தேச்சுக் கழுவுறா. நான் துவாயோட பக்கத்தில நிக்கிறன். மூண்டு நாலு வாளியிலயே பாணி போயிட்டு. தலை பளபளக்குது. அவ விடல்ல. திரும்பவும் அள்ளுறா, ஊத்துறா, கையால மெதுவாத் தடவுறா. இவனும் கண்ண மூடிக்கொண்டு தலையக் குனிஞ்சு குடுக்கிறான்.

"பெரிய பள்ளிக்கூடம் போனதில இருந்து இவன் என்னத் தலையில கை வைக்க விட்டதில்ல" எண்டா. எனக்குச் சொன்னாவோ, கிணத்துக்குச் சொன்னாவோ தெரியா.

அதுவரைக்கும் என்னைப் பொறுத்தவரை அவ ஒரு பிரச்சினை. அந்த நேரம்தான் அவ ஒரு மனிசியாத் தெரிஞ்சா. நான் கேக்க வந்தது எவ்வளவு பெரிய சாமான் எண்டும் விளங்கிச்சு.

"சனி ஞாயிறு ரெண்டு பேரும் இங்க வந்து நிப்பம் அன்ரி" எண்டன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. மறுகா மழையாம், பிள்ளைக்கு டியூசனாம், பாதை ஓடல்லயாம்." வாளிய வச்சிட்டு என்னப் பாத்தா. "பொங்கலுக்கு உங்கட அம்மா கூப்பிடுவா, சித்திரை வருசத்துக்கும் கூப்பிடுவா. அதுக்கெல்லாம் நான் போட்டிக்கு வரல்ல. இண்டைக்கு என்னமோ நாள் எண்டானே இவன்?"

"காதலர் தினம் அன்ரி."

"அத எனக்குத் தாங்க. வருசா வருசம் அண்டைக்கு ரெண்டு பேரும் இங்க வரோணும். அதுக்கு வேற ஆரும் போட்டி போட மாட்டாங்கதானே."

இவன் தண்ணி சொட்டச் சொட்ட நிமிந்தான். "அம்மா, அது லவ் பண்ற ஆக்கள்ட நாள்."

"நான் வேணாமெண்டா சொன்னன்? இங்க வந்திருந்து பண்ணுங்க."

சட்டியில ஓரத்தில ஒட்டியிருந்த பாணியையும் தயிரையும் நானும் அவவும் ஒரே கரண்டியால மாறி மாறிச் சுரண்டித் திண்டம். இவனுக்குக் குடுக்கல்ல. நீ தலையில திண்டது காணும் எண்டுட்டா.

கலியாணம் முடிஞ்சு இப்ப கொஞ்சக் காலம். அவ இப்ப எனக்கு மாமி. பொங்கலுக்கு ஒரு வருசம் போகாம விட்டிருக்கம், மாமி சொன்ன மாதிரியே மழையும் பாதையும் சாட்டுத்தான். ஆனா காதலர் தினம் ஒண்டும் தப்பினதில்ல. ஒரு வருசம் வட்டிலப்பம், சின்ன நெருப்பில, ஓட்டையே இல்லாம. ஒரு வருசம் சவ்வரிசிப் புட்டிங். ஒரு வருசம் அன்னாசிப் பழம் வெட்டிப் போட்ட கஸ்டர்ட், அது பாதையில சரிஞ்சு என்ட சாரியில பாதி போயிட்டு.

இந்த வருசம் இவன் கட்டார்ல, வேலை கிடைச்சுப் போயிட்டான். நான் தனியாத்தான் போனன், மடியில கெரமல் புட்டிங், ஐஸ் போட்ட பெட்டிக்குள்ள. மாமி தானே ஒரு சட்டி தயிர் உறைய வச்சிருந்தா. வீடியோ கோல் எடுத்து ஃபோனை மேசையில மல்லாக்க வச்சிட்டு, சட்டியத் தூக்கி அவன்ட முகத்துக்கு நேரே கவிழ்த்தா.

"வேணாமம்மா" எண்டு அங்க இருந்து கத்துறான்.

ஒரு சொட்டும் விழல்ல. மாமி கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டு, "நீ இங்க இருந்திருந்தா விழுந்திருக்கும்" எண்டா.

மற்ற ஆக்களுக்குக் காதலர் தினமெண்டா பூவும் கார்டும் ஞாபகம் வரும், எனக்கு இப்பவும் வாறது அந்தக் கிணத்தடியில, பாணியெல்லாம் போன பிறகும் மாமி நிப்பாட்டாம ஊத்தின தண்ணிதான்.