முப்பத்தோராவது பஞ்சுக்குச்சி

பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் பூரணி படி இறங்கமாட்டாள். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பழனியாண்டியின் கடைசி மகளாக லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த நாளிலிருந்தே இந்தக் குணம் அவளுக்கு. வீட்டில் கேலி செய்தார்கள். கொழும்பில் ஒரு மரபணுச் சோதனைக்கூடம் அதற்குச் சம்பளம் கொடுத்தது.

2006இல் அங்கே ஒரு புதிய முறையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் டிஎன்ஏயை எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை அது. பழைய எலும்பிலும் எடுபடும். தாய்க்கும் பிள்ளைக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரே வாசகம்தான் வரும். அன்றாட வழக்குகளுக்கு அதை எடுக்குமுன் ஒன்றை நிரூபிக்கவேண்டும்: ஒரே ஆளிடம் இரண்டு தடவை எடுத்தால் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒத்துவர வேண்டும். அந்தப் பொறுப்பு பூரணியிடம் வந்தது. தற்காலிகமாகச் சேர்ந்தவள் அவள். அறிக்கை நல்லபடி முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

நோர்வூட்டுக்கு மேலே, அவளை யாரும் அறியாத ஒரு தோட்டத்துக்குப் போனாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டாள். முப்பது பெண்கள் ஒவ்வொருவராய் வந்து வாயைத் திறந்தார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி உறையிலிட்டாள். இரண்டு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில், அதே பட்டியல், அதே வாசல்.

இருபத்தொன்பது சோடிகள் ஒத்துவந்தன. நாகலெட்சுமியின் சோடியில் மட்டும் ஐந்து எழுத்துகள் வேறு.

சோதனைக்கூடத்தின் தலைவி டாக்டர் கனகாம்பிகை யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பூரணி, லேபிளை மாத்தி ஒட்டிப்போட்டீரோ?"

"இல்லைங்க மேடம். ரெண்டு தடவ பாத்துத்தான் ஒட்டுனேன்."

"அப்ப அந்த ஒண்டை விட்டிட்டு இருபத்தொன்பதை எழுதும். மாசக் கடைசியில அறிக்கை போகவேணும்."

பூரணி தலையாட்டினாள். ஆனால் எழுத உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. சனிக்கிழமை ரயிலேறி ஹட்டனில் இறங்கி, நோர்வூட் பஸ்ஸைப் பிடித்தாள்.

நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளதைச் சொன்னாள். அந்த இரண்டாவது நாள் அவள் ஊரிலேயே இல்லை. கந்தப்பளையில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. கூப்பிட்ட பேருக்கு ஆள் இல்லையென்றால் மரியாதையாக இருக்காதே என்று அவளுடைய நாத்தனார் வீரம்மா முன்னே போய் நின்றிருக்கிறாள்.

"பெரட்டுல ஒருத்தி இல்லாட்டி இன்னொருத்தி பேர் குடுக்குறது வழக்கந்தானே தங்கச்சி," என்றாள் பக்கத்தில் நின்ற வீரம்மா. "வாயத் தொறக்கச் சொன்னீங்க, தொறந்தேன். எச்சிக்கு என்ன பேரா எழுதியிருக்கு?"

எழுதியிருக்கிறது அக்கா என்று பூரணி சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் தன் அம்மா, வராத சித்தியின் பேருக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படியிருந்தும் பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை மாதிரிப் பட்டியலைப் பார்த்தாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. பிழை வாசிப்பில் இல்லை, தன்னிடம்தான். அறிக்கையைக் காப்பாற்ற அந்த ஒரு பதில் போதும். அத்தோடு பஸ் ஏறியிருக்கலாம்.

அவள் ஏறவில்லை. லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்தி மகளுக்காக வந்திருந்தாள். இன்னொருத்தி அம்மாவுக்காக. இன்னும் ஒருத்தி அக்காவுக்காக. மூன்றும் ஒத்துவந்த சோடிகள். ஒரே தாய்வழி, ஒத்துத்தானே வரும்.

திங்கட்கிழமை கனகாம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மத்ததுகளையும் நம்பேலாது எண்டுறீர். அப்ப அறுபதும் வீண்."

"ஆமாங்க மேடம். நான் கூப்பிட்ட விதந்தான் தப்பு. திரும்ப எடுக்கணும்."

"மாசக் கடைசி தாண்டினா உம்மட வேலைக்கு நான் பொறுப்பில்லை, விளங்குதே?"

விளங்கியது. பூரணி மறுபடி மலையேறினாள். இந்தத் தடவை பேர் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியையும் படம் பிடித்தாள். இரண்டாம் முறை போனபோது படத்தை முகத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே உறையைப் பிரித்தாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்களுக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தாள். மாசக் கடைசி வந்து போயிற்று.

கடைசி நாளில் வீரம்மா வாசலில் வந்து நின்றாள். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"என்னையும் ஒரு படம் புடிங்க. இந்தத் தடவ என் பேர்லயே தொறக்குறேன்."

பட்டியலில் முப்பத்தோராவதாக அவள் பேரை எழுதினாள் பூரணி.

முப்பது சோடிகளும் ஒத்துவந்தன. கனகாம்பிகை அவற்றைப் புரட்டிவிட்டு முப்பத்தோராவது தாளை எடுத்தார். மழை நாளில் நாகலெட்சுமி என்று எழுதி வந்த அந்தப் பழைய தாளை அதனருகே வைத்தார். முன்பு வேறாக வந்த அந்த ஐந்து எழுத்துகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. யாருக்காக வாய் திறந்தாலும் வீரம்மா வீரம்மாதான் என்று இயந்திரம் முதலிலேயே சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

"இதையும் அறிக்கையில போடும்," என்றார். "முதல் அறுபதும் ஏன் வீணாப் போச்சுதெண்டும் ஒளிக்காமல் எழுதும்."

பிறகு இழுப்பறையிலிருந்து பூரணியின் நிரந்தர நியமனக் கடிதத்தை எடுத்து, மாசக் கடைசி தாண்டிய அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். பூரணி அதை வாங்கி, தேதியையும் தன் பேரையும் இரண்டாம் முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.