களப்பில் பெண் பார்த்த ஞாயிறு

வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும் ஐப்பசி மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு ஆட்களைப் பறவை பார்க்கக் கூட்டிப் போவேன். நிலாவெளியில் பஸ்ஸால் இறங்கி, கடல்நீர் தேங்கி நிற்கும் களப்பின் கரையோரமாக நடப்போம். வெள்ளைக்காரர் எங்கள் ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போனபோது மலிவாக விற்ற தூரக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது. அதனால் நான்தான் தலைவி. சட்டங்கள் இரண்டே. வெள்ளை உடுப்பு கூடாது, சத்தம் கூடாது. மீறுகிறவர்களை நன்றாக ஏசுவேன். ஆனாலும் நாலைந்து பேர் வருவார்கள்.

தவறாமல் வருபவள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தார்கள். தெருவில் அதுவே கதையாகிவிட்டது. வேறெங்கும் தலைகாட்டாதவள், களப்புக்கு மட்டும் வருவாள். சேற்றில் நிற்கும் உள்ளான் பறவைகளில் எது எந்த வகை என்று என்னைவிட விரைவாகச் சொல்லுவாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அவளுடைய தாய் வேலியருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு உங்களோட மாப்பிள்ளை வீட்டாரும் வருவினம். வீட்டுக்குக் கூப்பிட்டால் சனம் பாக்கும். இதெண்டால், சரிவராட்டியும் ஒருத்தருக்கும் தெரியாது."

பறவை பார்க்கப் போகிற இடத்தில் பெண் பார்ப்பதா என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என்றாலும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை தன் தாயாரோடு, கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைச் சட்டையில் வந்தார்; பெண்ணின் தாயும் எங்களோடு வந்தார். பாவம், நல்ல மனிதர்தான். பஸ்ஸில் பெண்களுக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

களப்பில் அன்று ஒரு பெரிய உள்ளான் கூட்டம் புதிதாக வந்திறங்கியிருந்தது. கடலைத் தாண்டி வந்த களைப்பில் பல ஒற்றைக்காலில் நின்றபடியே உறங்கின. நாங்கள் கண்டல் பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்தோம். அவள் மூச்சுக்கூட விடவில்லை. மாப்பிள்ளை ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்க வேண்டும். எழும்பி நின்று, "இப்ப பறக்கும், பாருங்கோ!" என்று பலமாகக் கைதட்டினார்.

கூட்டம் முழுவதும் கிளம்பிக் கடல் பக்கம் போய்விட்டது. அவர் சிரித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார். வாய்வரை வந்த ஏச்சை நான் விழுங்கிக்கொண்டேன். அவள் வெறும் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் மாப்பிள்ளையின் தாயார் வாயெல்லாம் பல்லாக, "எங்களுக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். பெண்ணின் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை கோயில் ஏறி இறங்கியவர்!

"எனக்குப் பிடிக்கேல்லை," என்றாள் அவள்.

மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பயமும்தான், இனி இவளைக் கேட்டு யார் வருவார்கள் என்று. தாய் அழுதபடி அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினார்.

"உன்னை ஆரடி கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, அம்மா. மூண்டு தரமும் கேக்கேல்லை. அதுதான் நானே சொன்னனான்."